தொட்டியில் கடைசி ஆள்

அந்தப் பூங்காவுக்குப் போகிற வழி ஒரு சலவைக் கடைக்கும் ஒரு செருப்புக் கடைக்கும் நடுவில் இருந்தது. ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். கொஞ்சம் பருமனான ஆள் என்றால் தோளைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். பலகை ஒன்று உண்டு. அதை யாரும் படித்துவிடாதபடி சலவைக்காரர் அதன் மேலேயே ஈரப் போர்வையைக் காயப்போட்டிருந்தார். பக்கத்துத் தெருவில் காலங்காலமாகக் குடியிருக்கிறவர்களைக் கேட்டால்கூட, “பூங்காவா, இங்கயா?” என்று திருப்பிக் கேட்பார்கள். நகரசபை எதைக் கட்டினாலும் இப்படித்தான், கட்டி முடித்துவிட்டு ஒளித்து வைத்துவிடும்.

தையற்காரி ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் அண்ணனின் முழங்கையுமாகச் சந்தின் வாயில் நின்றாள். ஊரெல்லாம் அவளைத் தையற்காரி என்று கூப்பிட, அண்ணன் மட்டும் இன்னும் பொடிசு என்றுதான் கூப்பிடுவார். பொடிசுக்குத் தலை நரைத்து, முழங்கால் வலி வந்து, இப்போது பேத்தியும் பிறந்தாயிற்று.

“எங்க போறோம்?” என்றார் அண்ணன்.

“நீ வேலை பார்த்த இடத்துக்குத்தான். பெரிய தொட்டிக்கு.”

“இன்னிக்கு லீவு இல்லையா?”

“லீவுதான். சும்மா பார்த்துட்டு வரலாம்.”

அவள் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. நாளைக்குத் துணி தயார் என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது தொழில். இது வேறு.

பெரிய தொட்டி என்பது ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த நீர்த்தேக்கம். அண்ணன் அதில்தான் மேஸ்திரியாக இருந்தார். ஊருக்கு வெளியே பெரிதாக வேறொன்று வந்ததும் இதை வற்றவிட்டு, அடியில் மண்ணைக் கொட்டி, புல்லையும் பெஞ்சுகளையும் போட்டுப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். பம்பு ஓடிய கட்டடம் சும்மா கிடக்கிறதே என்று அதை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தார்கள். இல்லத்தின் முன்வாசல் வேறொரு தெருவில் இருந்தது. பின்கதவு மட்டும் தொட்டியின் அடியில், பூங்காவுக்குள் திறந்தது.

அந்த இல்லத்தின் வார்டன் அம்மாள் போன வாரம் அவளை உட்காரவைத்து, குரலில் தேனைத் தடவிக்கொண்டு விவரம் சொல்லியிருந்தாள்.

“முன்வாசல் வழியா கூட்டிட்டு வராதீங்க. போர்டைப் பார்த்ததும் சில பேர் கலாட்டா பண்ணிடறாங்க. பார்க் வழியா வாங்க. பெஞ்சுல உட்கார வைங்க. எங்க ஆயா வந்து பேச்சுக் கொடுப்பா. நீங்க ஏதாவது வாங்கிட்டு வரேன்னு சொல்லி மேல ஏறிப் போயிடுங்க. திரும்பிப் பார்க்காதீங்க.”

“சொல்லிட்டுப் போகக் கூடாதா?”

“சொல்லிட்டுப் போறேன்னவங்க யாரும் போனதில்லம்மா. இங்கயே நின்னு அழுதுட்டு, கூடவே கூட்டிட்டுப் போயிடறாங்க. அப்புறம் அடுத்த மாசம் மறுபடி வந்து நிக்கறாங்க.”

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணனின் உடுப்புகளை எடுத்து, ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் சிவப்பு நூலில் அடையாளம் தைத்தாள். இல்லத்தில் எல்லோருடைய துணியும் ஒன்றாகத் துவைப்பார்களாம், கலந்துபோகக் கூடாதாம். எதற்கு என்று தெரியாமல் அண்ணனும் எதிரே உட்கார்ந்து, துணி சுருங்காமல் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். அந்தத் தையல் மட்டும் கோணலாகத்தான் வந்தது.

அண்ணனுக்கு ஞாபகம் முழுசாகப் போய்விடவில்லை. குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி, வரும், நின்றுவிடும், மறுபடி வரும். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. திருகு என்று எதைக் கண்டாலும் அதைத் திறக்காமல் சும்மா இருக்காது. விடிவதற்கு முன்னால் எழுந்து வீட்டுக் குழாய்களை எல்லாம் திறந்துவிட்டு, “தண்ணி விட்டாச்சு” என்று திருப்தியாகப் போய்ப் படுத்துக்கொள்வார். கீழ்வீட்டின் கூரை ஒழுகி, கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார். அதையும் பொறுத்துக்கொண்டார்கள். போன மாதம் ஒரு மத்தியானம், அவள் முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தபோது, அவர் கேஸ் அடுப்பின் திருகுகளை எல்லாம் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வாடை மூக்கில் ஏறி அவள் ஈரக்குலை நடுங்க ஓடிவந்தால், அவர் நிதானமாக, “இன்னும் அழுத்தம் வரல, பொடிசு” என்றார்.

அவள் கணவர் கெட்டவர் அல்ல. மைத்துனருக்கு முகம் மழித்துவிடுவதும் கால் நகம் வெட்டிவிடுவதும் அவர்தான். அன்று ராத்திரி அவர் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்.

“அடுத்த மாசம் நம்ம பொண்ணு கைக்குழந்தையோட வரா.”

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளை ஆளாக்கியது அண்ணன். கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்னால் நேரமில்லை என்று சிரித்து மழுப்பியவர். அவள் உட்கார்ந்து பிழைக்கிற தையல் மெஷின்கூட அவர் வாங்கிக் கொடுத்ததுதான். இதெல்லாம் அவளுக்கும் தெரியும், கணவருக்கும் தெரியும். பிறந்து கண் சரியாகத் திறக்காத குழந்தைக்குத் தெரியாது.

சந்தைத் தாண்டி இரும்புக் கேட்டுக்குள் நுழைந்ததும் தரை சட்டென்று கீழே போயிற்று. நான்கு பக்கமும் உயரமான கற்சுவர், அடியில் புல், நடுவில் மிச்சம் வைத்த மாதிரி ஒரு சின்னக் குளம். சுவர்களில் தண்ணீர் நின்ற உயரங்கள் கோடு கோடாகக் கறுத்திருந்தன. ஒரு பக்கம் பழைய இரும்பு ஏணி இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் ஏறாதபடி அதன் குறுக்கே சங்கிலி போட்டு, கொடியையும் படரவிட்டிருந்தார்கள். வருகிறவர்கள் இறங்குவதற்கு எதிர்ப்பக்கம் அகலமான படிக்கட்டு புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. மேலே தெருவில் பஸ் போகிற சத்தம்கூடக் கீழே கேட்காது. ஆனால் தொட்டியின் விளிம்பில் நின்று யாராவது இருமினால், அடியில் இருக்கிறவனுக்குக் காதுக்குப் பக்கத்தில் இருமினாற்போல் கேட்கும்.

அன்று மேகம் மூடிக் கிடந்தது. நடைப் பயிற்சிக்கு வந்த இரண்டு மூன்று பேர் யாரோ துரத்துகிற வேகத்தில் குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெஞ்சில் ஒருவர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். இன்னொன்றில் ஓர் இளம் ஜோடி சண்டை போட்டுக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல்.

அண்ணன் படியில் ஒவ்வொரு காலாக இறக்கிவைத்து வந்தார். அடியைத் தொட்டதும் நேராகச் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“வத்திப் போச்சே,” என்றார். “யாரைக் கேட்டு வத்த விட்டாங்க?”

“சுத்தம் பண்ணத்தான்.” இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

“அப்படியா.” அவர் முகம் தெளிந்தது. “ஆளுங்க எங்க?”

“வருவாங்க. நீ வந்து உட்காரு.”

ஏணிக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் பழைய பம்பு கட்டடத்தின் பின்கதவு தெரிந்தது. பச்சைப் பெயின்ட் அடித்து, இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். அவள் அண்ணனின் உடுப்புகள் இருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தொட்டி ஆட்களுக்கென்று ஒரு முறை இருந்தது. தொட்டியை வற்றவிட்டுச் சேறு வழித்து முடித்ததும், மேஸ்திரி ஏணியின் அடியில் நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் ஏறிப் போய், விளிம்பில் நின்று “மேல” என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லோரும் ஏறிய பிறகு, மேலே நிற்கிற ஆள் மேஸ்திரியைக் கூப்பிடுவான். அப்போதுதான் மேஸ்திரி ஏறலாம். அவர் வந்து சேர்ந்த பிறகுதான் வால்வைத் திறப்பார்கள். முன்னே ஒரு தடவை, ஆள் உள்ளே இருக்கும்போதே தண்ணீரைத் திறந்துவிட்டதால் வந்த முறையாம் இது. அந்த ஆள் பிழைத்தானாம், ஆனால் அதற்குப் பிறகு குளிப்பதற்குக்கூடத் தண்ணீர் பக்கம் போகமாட்டானாம். இதை அண்ணன் சொல்லும்போது பாதி நிஜம், பாதி சொந்தச் சரக்கு என்று அவள் அப்போதே நினைத்ததுண்டு.

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், இருட்டுகிற நேரமாகியும் அண்ணன் வீடு திரும்பவில்லை. அவள் தேடிக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள். மேலே ஒருவரும் இல்லை. எட்டிப் பார்த்தால் அடியில், ஏணியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அண்ணாந்தபடி அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு மேலே நிற்க வேண்டியவன் ஊமையன். வாய் மூடவே மாட்டான் என்பதால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். எவனோடோ பேசிக்கொண்டே டீ குடிக்கப் போனவன், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டான். வால்வுக்காரனும், நாளைக்குத் திறந்துகொள்ளலாம் என்று கிளம்பிவிட்டான்.

“ஏண்ணா ஏறி வரல?” என்று அவள் மேலிருந்து கேட்டாள்.

“யாரும் கூப்பிடலையே.”

அவள் “அண்ணா” என்று கூப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் ஏறினார். மறுநாள் தொட்டி ஆட்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ‘கடைசி ஆள்’ என்ற பேர் அன்றைக்கு ஒட்டியதுதான், ஓய்வு பெறும்வரை போகவில்லை. அண்ணன் அதற்கெல்லாம் கூச்சப்படவில்லை. “கூப்பிடாம ஏறிட்டா, உள்ள யார் இருக்கான்னு மேல இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?” என்று கடைசிவரை வாதாடினார்.

பச்சைக் கதவு திறந்தது. ஆயா ஒரு கையில் டீயும் ஒரு கையில் குடையுமாக வந்தாள். வாட்டசாட்டமான பெண், இந்த வேலையில் பழகின நடை. தற்செயலாக வந்தவள்போல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“ஐயா, டீ சாப்பிடுங்க. இந்தத் தொட்டியில வேலை பார்த்தீங்களாமே?”

“நீ யாரு, புதுசா?”

“ஆமாங்கய்யா, புதுசு.”

“தலையில துணி கட்டிக்கோ. சேறு தெறிக்கும்.”

“சரிங்கய்யா.” ஆயா சிரிக்காமல் சொல்லிவிட்டு, அண்ணனின் தலைக்கு மேலாகத் தையற்காரியைப் பார்த்தாள். போ என்று கண்ணால் சொன்னாள்.

தையற்காரியால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்திரு, எழுந்திரு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கால் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாங்கிட்டு வரேன் என்று சொல்ல வேண்டும். எதை வாங்குவது என்று முதல்நாளே யோசித்து வைத்திருந்தாள், இப்போது அதுவும் மறந்துவிட்டது. மறதி அண்ணனுக்கா எனக்கா என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அதை மென்று விழுங்கினாள்.

அப்போது தூற ஆரம்பித்தது.

அண்ணனின் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இவ்வளவு நாளாகக் கூனி நடந்த மனிதர், இப்போது முதுகு நிமிர்ந்து நின்றார்.

“தண்ணி விட்டுட்டாங்க,” என்றார். பிறகு குரலை உயர்த்தினார். “எல்லாரும் ஏறுங்க. மண்வெட்டியை அப்புறம் பார்த்துக்கலாம். ஏறுங்க.”

மழைக்கு எல்லோரும் எப்படியும் கிளம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். நடைக்காரர்கள் படியேறினார்கள். பேப்பர்க்காரர் பேப்பரைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடினார். ஜோடி மட்டும் தயங்க, அண்ணன் அவர்களைப் பார்த்து, “சண்டையை மேல போய் வச்சுக்கோங்க” என்று ஓர் அதட்டல் போட்டார். அவர்களும் எழுந்து போனார்கள். தன் பேச்சை எல்லோரும் கேட்பதைப் பார்த்ததில் அவர் முகத்தில் ஒரு பெருமை வந்திருந்தது. அந்த முகத்தை அவள் வருஷக்கணக்கில் பார்த்ததில்லை.

அவர் ஏணியிடம் போய், சங்கிலிக்கு மேலாகக் கம்பியில் கையை வைத்தார்.

“நெட்டை.”

மழைதான் கேட்டது.

“நெட்டை,” என்றார் மறுபடி. குரலில் பயம் தட்டியது.

“மேல,” என்றாள் அவள்.

“பூனை.”

“மேல.”

“ஊமையன்.”

“மேல போயிட்டாரு அண்ணா.”

அது பொய்யில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை.

“பொடிசு.”

“நான் இங்கதான் இருக்கேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார். கோபம் வந்துவிட்டது. “உன்னை யார் உள்ள விட்டது? ஸ்கூலுக்குப் போகல? போ, ஏறு. மேல போய் நின்னு என்னைக் கூப்பிடு.”

இதைவிடச் சுலபமாக யாருக்கும் வழி கிடைக்காது. ஆயா பெருமூச்சு விட்டு, துணிப்பையை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தையற்காரி ஓர் அடி எடுத்து வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

“நீயும் வா அண்ணா. சேர்ந்தே ஏறலாம். வீட்டுக்குப் போயிடலாம்.”

ஆயா குடையை விரித்தாள்.

“சேர்ந்து ஏறக் கூடாது,” என்றார் அண்ணன். “எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உனக்கு?” தன் கையை விடுவித்துக்கொண்டு, அவள் ஈரத் தலையைத் துடைத்துவிட்டார். “போ. நீ கூப்பிட்டா நான் வரப்போறேன். நான் எங்க போயிடுவேன்?”

அவள் போனாள். திரும்பிப் பார்க்காதீங்க என்று வார்டன் அம்மாள் சொல்லியிருந்தாள். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தாள். மேலே போன பிறகும் பார்த்தாள்.

அண்ணன் ஏணிக் கம்பியைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். படிக்கட்டு புதிது, அது அவருக்குத் தெரியாது. அதனால் அவள் நின்ற பக்கம் பார்க்காமல், ஏணியின் உச்சியில் ஒருவரும் இல்லாத விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயா குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள். அவர் அதை ஒதுக்கித் தள்ளினார், குடை மறைத்தால் மேலே தெரியாது. ஆயா சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் வரவில்லை. அவர் சொன்னது விளிம்புவரை தெளிவாகக் கேட்டது.

“இரும்மா. இன்னும் கூப்பிடல.”

அண்ணா என்று ஒரு வார்த்தை போதும். கத்தக்கூட வேண்டாம், சாதாரணமாகச் சொன்னாலே போதும், அந்தச் சுவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அவர் சங்கிலியைத் தாண்டிக்கொண்டாவது ஏறி வந்துவிடுவார். இரண்டு பேரும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் படுக்கலாம், அடுப்படியைப் பூட்டிக்கொள்ளலாம், முறை போட்டுக் கண்விழிக்கலாம். அடுத்த மாதம் தொட்டில் முன்னறையில்தான் வரும். தொட்டிலுக்கு அந்தப் பக்கம் அடுப்படி. பூட்ட மறக்கிற ஒரு நாள் எல்லா வீட்டிலும் வரும்.

அவள் வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கூடவே, தோளில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது மாதிரியும் இருந்தது. அதுதான் அருவருப்பை இன்னும் அதிகமாக்கியது. இருமல் வந்தது. கீழே கேட்டுவிடும் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கேட்டைத் தாண்டி, தோளைச் சாய்த்து, அந்தச் சந்துக்குள் நுழைந்தாள்.

சலவைக்காரர் பலகையின் மேலிருந்த போர்வையை அவசர அவசரமாக உருவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

“என்னம்மா, போகும்போது கூட ஒருத்தரு வந்தாரே? எங்க காணோம்?”

“கீழ இருக்காரு,” என்றாள். “கூப்பிட்டா வருவாரு.”

“அப்ப கூப்பிட வேண்டியதுதானே,” என்றார் சலவைக்காரர். “மழையில நனையப் போறாரு.”

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள்.